மூலை வெட்டிய போட்டோக்கள்

1

"தாத்தாகிட்ட ஸ்கூல்ல லீவு தரலன்னு சொல்லிடுங்கப்பா" என்றாள் என் மகள் நித்யா, போன செவ்வாய்க்கிழமை காலை, ரொட்டியில் ஜாம் தடவிக்கொண்டே.

பதினொரு வயது. வீட்டில் தமிழ் பேசுவாள், கோபம் வந்தால் ஜெர்மனுக்குத் தாவிவிடுவாள். தமிழில், அதுவும் இத்தனை குழைந்து பேசுகிறாள் என்றால் ஏதோ காரியம் ஆக வேண்டும் என்று அர்த்தம். டிசம்பரில் நாங்கள் மூன்று பேரும் ஊருக்குப் போவதாக ஏற்பாடு. மூன்று வருடம் கழித்துப் போகிறோம். அப்பாவுக்கு நெஞ்சு சரியில்லை, படியேறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நித்யாவின் தோழிகள் எல்லாம் அதே விடுமுறையில் பனிச்சறுக்கு முகாமுக்குப் போகிறார்களாம். தோழியின் வீட்டில் தங்கிக்கொள்கிறாளாம், அந்த அம்மாவிடம் கேட்டும் வைத்துவிட்டாளாம். எல்லாம் பேசி முடித்துவிட்டுத்தான் எனக்கு ஜாம் தடவிய கதை சொல்கிறாள்.

வேறு எந்தப் பொய்யைச் சொல்லச் சொல்லியிருந்தாலும் ஓர் அதட்டல் போட்டிருப்பேன். இது என்னுடைய பொய். ஏழு வருடத்துக்கு முன்னால் நானே யோசித்து, நீல நிற ஏரோகிராமில் எழுதி, எச்சில் தொட்டு ஒட்டி ஆவடிக்கு அனுப்பியது. அவளுக்கு அது தெரிய நியாயமில்லை. அப்போது அவளுக்கு நாலு வயது.

என் மனைவி செல்வி அடுப்படியிலிருந்து திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

2

நான் பிறந்து வளர்ந்தது ஆவடி குவார்ட்டர்ஸில். ராணுவத்துக்குச் சாமான் செய்யும் தொழிற்சாலையில் அப்பா முதலில் ஃபிட்டர், பிறகு செக்கிங் செக்‌ஷன். ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர். எங்கள் வரிசையில் திருநெல்வேலிக்காரர், கோயம்புத்தூர்க்காரர், தஞ்சாவூர்க்காரர் எல்லாரும் உண்டு. ஒரே மாதிரி வீடு, ஒரே மாதிரி ஜன்னல், குழம்பு வாசனை மட்டும் வீட்டுக்கு வீடு வேறு. சங்கு ஊதினால் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் காபி கொதிக்கும்.

அப்பாவிடம் ஒரு பழக்கம். தகரமோ இரும்போ எது வீட்டுக்குள் வந்தாலும் அதன் ஓரத்தில் கட்டைவிரலை வைத்துத் தடவிப் பார்ப்பார். பிசிறு இருந்தால் அரத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். என் ஜாமெட்ரி பாக்ஸ், அம்மாவின் அரிசி டின், ஜன்னல் கொக்கி, எதையும் விட்டதில்லை. புது டின்னைக் கொண்டுவந்தால் அவர் ராவி முடிக்கும் வரை அம்மா அதில் அரிசி கொட்ட முடியாது. "கடையில வாங்குனதுக்கு இவரு ஒரு செக்கிங்" என்று அம்மா முணுமுணுப்பாள். "அவன் செஞ்சான், அவனுக்குத் தெரியாது. கைய வைக்கிறவளுக்குத்தான தெரியும்" என்பார் அப்பா, நிமிராமல்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எங்கள் குவார்ட்டர்ஸில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் ரிட்டையர் ஆகும் நாளில் செக்‌ஷன் ஆட்கள் மாலை போட்டு, வேன் பிடித்து, கூச்சல் போட்டுக்கொண்டு வீடுவரை கொண்டுவந்து விடுவார்கள். அது எல்லா இடத்திலும் உண்டு. எங்கள் பக்கத்தில் அதற்கு முன்னால் ஒரு காரியம் நடக்கும். கேட்டைத் தாண்டி வெளியே வந்ததும், அவர் கையிலிருக்கும் சாப்பாட்டுப் பையை மகன் வாங்கிக்கொள்ள வேண்டும். இத்தனை வருடம் நீ சுமந்தாய், இனி நான் சுமக்கிறேன் என்று அர்த்தம். யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பை கை மாறும், அவ்வளவுதான். மனிதர் அந்த இடத்தில்தான் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

சின்ன வயதில் சைக்கிள் கூட்டத்துக்கு நடுவே அப்பா என் தோளில் கை போட்டிருக்க, நான் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். "பாத்துக்க சேகரு, உனக்கும் ஒரு நாள் இருக்கு" என்பார். அப்பாவின் பை பழைய காக்கி பேன்ட்டில் அம்மா தைத்தது. காது இரண்டு முறை அறுந்து இரண்டு முறையும் தைக்கப்பட்டது.

தொண்ணூற்று இரண்டு ஏப்ரலில் அவரிடமிருந்து கடிதம் வந்தது. "ஜூலை 31 வெள்ளிக்கிழமை. நாலரைக்குச் சங்கு. லீவு கிடைத்தால் வரவும். கிடைக்காவிட்டால் வருத்தப்படாதே." பொய்க்கு வேண்டிய சாமானையும் அவரேதான் எடுத்துக் கொடுத்தார்.

3

லீவு கிடைத்தது. கேட்ட அன்றே கிடைத்தது. ஆனால் கேட்டது அப்பாவுக்காக இல்லை.

அப்போது இங்கே வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. டிராயிங் ஆபீசில் எனக்குப் பக்கத்து மேஜை யோர்க். நல்லவன். மதியம் எல்லாரும் ஒன்றாகத்தான் சாப்பிடுவோம். ஆனால் திங்கட்கிழமை காலையில் அவர்கள் சனி ஞாயிறைப் பற்றிப் பேசிச் சிரிக்கும்போது நான் அசடு மாதிரி கூடவே சிரிப்பேன், எதற்கென்று தெரியாமல். அவர்கள் வருடாவருடம் மலையேறப் போகிறவர்கள். அந்த வருடம் யோர்க் என் மேஜை மேல் வந்து உட்கார்ந்தான். "பிரான்ஸ் பக்கம் ஆல்ப்ஸ் மலையில் ஒரு வாரம், பிறகு பாரிஸில் மூன்று நாள் ஊர் சுற்றல். எங்களில் ஒருவனுக்கு முழங்கால் போய்விட்டது. கயிற்றில் ஓர் இடம் காலி. வருகிறாயா?" என்றான்.

ஆறு வருடத்தில் முதல் அழைப்பு. மறுத்தால் இன்னொரு முறை கேட்க மாட்டார்கள் என்று பயந்தேன். அது ஜூலைக் கடைசி என்று தெரிந்தும் தலையாட்டிவிட்டேன்.

இங்கே லீவுப் படிவத்தில் தேதிக்குக் கட்டம் உண்டு, காரணத்துக்குக் கட்டமே கிடையாது. ஆவடியில் காரணம் எழுத வேண்டும். தாயாருக்கு உடல்நலமில்லை என்று எழுதி எழுதியே பலர் தாயாரைப் படுக்கையில் கிடத்தி வைத்திருந்தார்கள். அப்பா மட்டும் உள்ளதை எழுதுவார். "மகனைக் கல்லூரியில் சேர்க்க." அங்கே லீவு வாங்குவதற்குப் பொய் சொன்னார்கள். நான் லீவு வாங்கிவிட்டுப் பொய் சொன்னேன்.

என் பாஸ்போர்ட்டுக்குப் பிரான்ஸ் போக விசா வேண்டும். தூதரகத்தில் வரிசையில் நிற்கும்போது என் சட்டைப்பையில் கம்பெனிக் கடிதம் இருந்தது. இன்னாருக்கு இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை லீவு வழங்கப்பட்டது என்று, கையெழுத்தும் முத்திரையும் வைத்து. கவுன்டரில் இருந்த அம்மாள் "மலையா, நகரமா, எதற்குப் போகிறீர்கள்?" என்றாள். என் ஜெர்மன் தடுமாறும் என்பதால், இரண்டும்தான் என்று இரண்டு விரலைக் காட்டினேன். சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினாள். அன்று மத்தியானமே, அந்தக் கடிதம் சட்டைப்பையில் இருக்கும்போதே, "எவ்வளவு கேட்டும் லீவு தரவில்லை அப்பா" என்று ஏரோகிராமில் எழுதினேன்.

செல்வி சொன்னாள்: "மலை எங்கயும் போயிடாதுங்க. மாமாவுக்குக் கடைசி நாள் ஒண்ணுதான்."

"என்ன பெரிய கடைசி நாள்? ஒரு மாலை, ஒரு மிக்சர் பொட்டலம்" என்றேன். இந்த வாயால்தான் சொன்னேன். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை.

மலையைப் பற்றி நிறைய எழுதலாம். ஷூவுக்கு அடியில் மாட்டிய இரும்புப் பல் பனியில் இறங்கும் சத்தம், மேலே போகப்போக மூச்சு சின்னதாவது, நான்கு பேர் ஒரே கயிற்றில் ஒரே நடையாக நடப்பது. யோர்க் ஒரு விதி வைத்திருந்தான். இடுப்பில் கட்டிய முடிச்சை அவரவரே சரிபார்க்கக் கூடாது, அடுத்தவன் இழுத்துப் பார்க்க வேண்டும். எங்கள் அப்பாவின் செக்‌ஷனிலும் அதே விதிதான், செய்தவன் கையில் அளவு பார்க்கும் கேஜைக் கொடுக்க மாட்டார்கள். அந்த ஒற்றுமைகூட எனக்கு இப்போதுதான் தோன்றுகிறது. உச்சிக்குப் போய் நின்றபோது நான் அப்பாவை நினைக்கவில்லை. சந்தோஷமாக இருந்தேன். யோர்க் என் முதுகில் அறைந்து "இனி நீ எங்கள் ஆள்" என்றான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்பா நினைவுக்கு வந்தது பாரிஸில். கடைசி நாள் அந்த இரும்புக் கோபுரத்துக்குப் போனோம். லிஃப்டுக்கு நீள வரிசை, படியேறிப் போகலாம் என்றார்கள். மலையேறிய திமிரில் ஏறினோம். படி ஓரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் ரிவெட் ஆணிகள், வரிசை வரிசையாக. என் கட்டைவிரல் தன்னால் போய் ஒரு ரிவெட்டின் தலையைத் தடவிப் பார்த்தது. தடவிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தேன். மணி ஒன்று. ஆவடியில் நாலரை. சங்கு ஊதியிருக்கும்.

"சேகர், இந்தப் பக்கம் பார்" என்று யோர்க் கேமராவைத் தூக்கினான். பார்த்தேன். சிரிக்கவும் செய்தேன்.

அன்று மாலை நாலு மணிக்கு ஒரு பூத்திலிருந்து ஊருக்குப் போன் செய்தேன். அப்போது எங்கள் வீட்டில் போன் கிடையாது. மாடி வீட்டு ஃபோர்மேன் வீட்டுக்குப் பேசினால் கூப்பிட்டுவிடுவார்கள். கீழே வேனில் வந்தவர்களின் கூச்சல் இன்னும் அடங்கவில்லை போலிருந்தது. அப்பா மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"எல்லாம் நல்லா நடந்துச்சுப்பா. நீ சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேம்பா. லீவு மட்டும் கெடைச்சிருந்தா..."

"அது அவங்க கையில. நீ வேலையப் பாரு." பிறகு ஒரு நொடி கழித்து, "என்னப்பா, பாட்டுச் சத்தம் கேக்குது?" என்றார்.

பூத்துக்கு வெளியே ஒருவன் அக்கார்டியன் வாசித்துக் காசு வாங்கிக்கொண்டிருந்தான்.

"பக்கத்து வீட்டு ரேடியோப்பா" என்றேன்.

4

போட்டோக்களை நானே அனுப்பிவைத்தேன் என்பதுதான் இதில் முட்டாள்தனம். யோர்க் எனக்கென்று ஒரு செட் கழுவிக் கொடுத்தான், இருபத்திரண்டு படம். பனியில் நான், கயிற்றோடு நான், கோபுரத்தில் நான். அம்மா பார்த்தால் எவ்வளவு பூரிப்பாள் என்று ஆசை வந்துவிட்டது. சென்னைக்குப் போகிற ஒருவரிடம் சாக்லேட்டோடு மொத்தத்தையும் கொடுத்தேன். "செப்டம்பரில் ஆபீசில் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போனார்கள்" என்று ஒரு சீட்டும் வைத்தேன்.

தொண்ணூற்று நான்கு டிசம்பரில்தான் ஊருக்குப் போக முடிந்தது. அதற்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்து நெமிலிச்சேரியில் சின்ன வீட்டுக்குப் போய்விட்டார்கள். போன முதல் நாளே அம்மா ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தெருவில் எல்லாருக்கும் காட்டியாகிவிட்டதாம். புரட்டினேன். ஒவ்வொரு படத்திலும் நாலு மூலையும் சரிவாக, ஒரே அளவாக வெட்டப்பட்டிருந்தன.

"இது என்னம்மா?"

"உங்கப்பாதான். மூலை கூரா கீது, கையில குத்துதுன்னு ஒரு நாள் பூரா குந்திகினு கத்திரிச்சாரு. ஸ்கேல் வச்சு பென்சில்ல கோடு போட்டு" என்றாள் அம்மா. ஆவடியிலேயே பிறந்தவள், அவள் பேச்சு அப்படித்தான்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "போட்டோவுக்கும் பிசிறு எடுத்துட்டீங்களாப்பா?" என்று கேலி செய்தேன். அப்பாவும் சிரித்தார். பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனார்.

இரண்டு நாள் கழித்துப் பூந்தமல்லிக்குப் போனேன். சலீம் என் பள்ளிக்கூடத் தோழன், பஜாரில் அவர்கள் குடும்பத்துக்கு ட்ரங்குப் பெட்டிக் கடை. என்னைப் பார்த்ததும் சுத்தியலைக் கீழே வைத்தான்.

"இன்னா மச்சான், தொரையாட்டம் ஆயிட்ட?" என்று கட்டிப் பிடித்தான். டீ சொன்னான். அப்புறம் மெதுவாக ஆரம்பித்தான்.

"உங்க நைனா ரிட்டேர் ஆன அன்னிக்கு நான்தான் கேட்டாண்ட போயி நின்னேன். நீ வரலன்னு அம்மா சொல்லி அனுப்பிச்சாங்க. நைனா வெளிய வந்தாரு, மாலையும் கழுத்துமா. வந்து அங்க இங்க பாத்துகினே கீறாரு. நான் பைய வாங்கலாம்னு கைய நீட்டறேன். 'இருக்கட்டும் சலீமு, கனமில்ல'ன்ட்டாரு. வேன்ல எல்லாரும் கூவிகினு வராங்கோ, மனுசன் மட்டும் பைய மடில வச்சிகினு குந்திகினு கீறாரு. ஊட்டாண்ட எறங்கியும் யார் கைலயும் குடுக்கல. ஏன் மச்சான், பத்து நாளு லீவு குடுக்க மாட்டானா உன் கம்பேனிக்காரன்? கல்நெஞ்சுக்காரனா கீறானே."

"ஆமாண்டா" என்றேன்.

லீவுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு "நன்றாகப் போய் வா" என்று கைகுலுக்கிய அந்த மேலதிகாரியைச் சலீமோடு சேர்ந்து நானும் திட்டினேன்.

அதற்குப் பிறகு ஒன்று கவனித்தேன். அப்பா ரேஷன் கடைக்குப் போனாலும், ஸ்டேஷன் பக்கம் நடக்கப் போனாலும் அந்தக் காக்கிப் பைதான் கையில். "கொடுங்கப்பா, நான் எடுத்துட்டு வரேன்" என்று ஒருமுறை கேட்டேன். "இதுல என்ன இருக்கு, வெறும் பை" என்று அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டார். நான் இங்கே திரும்பும் வரை இன்னொரு முறை கேட்கவில்லை. தொண்ணூற்று ஆறில் போனபோதும் கேட்கவில்லை.

5

நித்யா ஜாம் தடவிய செவ்வாய்க்கு இரண்டு நாள் கழித்து, வியாழக்கிழமை, யோர்க் என் மேஜைக்கு வந்தான். வடக்கே வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகிறான். டிராயரைக் காலி செய்யும்போது கிடைத்தது என்று ஒரு காகித உறை கொடுத்தான். அதே இருபத்திரண்டு படம், அவனுடைய செட். "நம் முதல் மலை" என்று உறைமேல் எழுதியிருந்தான்.

வீட்டுக்கு வரும் பஸ்ஸில் பிரித்தேன். முதல் படத்தில் நான் கயிற்றோடு நிற்கிறேன். வலது கீழ் மூலையில் ஆரஞ்சு நிறத்தில் பொடி எழுத்து: 27 7 92. அடுத்தது 28. கோபுரப் படத்தை எடுத்தேன். ரிவெட்டில் கை வைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். மூலையில் 31 7 92.

யோர்க்கின் கேமரா தேதி அடிக்கும் கேமரா. என்னிடம் இருந்த பழைய பெட்டிக்கு அதெல்லாம் தெரியாது. நான் அன்று படத்தில் என் முகத்தைத்தான் பார்த்தேன். மூலையைப் பார்க்கவில்லை. அப்பா முப்பத்தைந்து வருடம் மூலையையும் ஓரத்தையும் பார்த்தே சம்பளம் வாங்கியவர்.

இருபத்திரண்டு படம், எண்பத்தெட்டு மூலை. மறைக்க வேண்டியிருந்தது இருபத்திரண்டுதான். ஒரு மூலையை மட்டும் வெட்டினால் அம்மா ஏன் என்று கேட்பாள், தெருவில் பார்க்கிறவர்கள் கேட்பார்கள். அதனால் நாலையும் வெட்டியிருக்கிறார், அது ஒரு அழகு மாதிரி தெரியட்டும் என்று. என் பொய்யை ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து, ஸ்கேல் வைத்து, அம்மாவின் கையில் குத்தாதபடி அவர் ராவி வைத்திருக்கிறார். நான் போய் ஆல்பத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தேன்.

என் நிறுத்தத்தில் இறங்கவில்லை. பஸ் கடைசி நிறுத்தம் வரை போய், டிரைவர் வந்து தோளைத் தொட்ட பிறகுதான் இறங்கி நடந்தேன்.

செல்வியிடம் படங்களைக் காட்டினேன். தேதியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "மாமாவுக்கு நெஞ்சு வலி. இன்னும் எத்தனை நாளைக்குத் தள்ளிப்போடப் போறீங்க?" என்றாள்.

6

சனிக்கிழமை காலை போன் செய்தேன். நித்யாவைப் பக்கத்தில் நிற்கச் சொன்னேன். எனக்கு அப்பாவிடம் பேச இத்தனை பயம் பரீட்சையில் தவறிய வருடம்கூட இருந்ததில்லை.

"அப்பா, நித்யா இந்தத் தடவ வரல. ஸ்கூல்ல லீவு இருக்கு. அவ ஃபிரண்ட்ஸோட பனியில சறுக்கப் போறா. அதுக்குத்தான் வரல."

நித்யா என் கையைக் கிள்ளினாள். கண் நிறைந்துவிட்டது அவளுக்கு.

"கொழந்தைதான, போகட்டும். கால் கை பத்திரம்னு சொல்லு" என்றார் அப்பா.

"அப்பா, தொண்ணூத்திரண்டுலயும் எனக்கு லீவு இருந்துச்சு."

போனில் தூரத்தில் அரக்கோணம் பக்கம் போகிற வண்டி ஹாரன் அடித்தது, நெமிலிச்சேரி வீட்டுக்கு அது நன்றாகக் கேட்கும்.

"மூலை கூரா இருந்துச்சுப்பா" என்றார் அப்பா. "உங்கம்மா தெனம் எடுத்து எடுத்துப் பாக்குறா. கையில பட்டா கிழிச்சிரும். அதான் எடுத்துவிட்டேன்."

"என்ன ஏம்பா ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டா நீ இன்னொரு பொய் சொல்லுவ. உனக்கு எதுக்கு அந்தக் கஷ்டம்?"

செல்வி ரிசீவரை வாங்கப் பார்த்தாள், நான் விடவில்லை.

"மன்னிச்சிருங்கப்பா."

"சரி சரி. உங்கம்மாவுக்குத் தெரியாது. தெரியவும் வேணாம்" என்றார். பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "மேல ஏறும்போது கயிறு கட்டியிருந்தியே, முடிச்ச யாராவது செக் பண்ணாங்களா?" என்று கேட்டார். ஏழு வருடமாக இதைக் கேட்க வேண்டும் என்று வைத்திருந்தார் போலிருக்கிறது.

"பண்ணாங்கப்பா. அடுத்த ஆளுதான் பண்ணணும்."

"அதான் சரி" என்றார். இருமினார். "டிசம்பர்ல நீ வர்றல்ல? நான் ஸ்டேஷனுக்கு வந்து நிக்கிறேன். பையோட வரேன். வாங்கிக்க."

அப்பாவிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டாலும், நித்யா முகாமுக்குப் போவதா, என்னோடு வருவதா என்று இன்னும் முடிவாகவில்லை. நான் கட்டாயப்படுத்தப் போவதில்லை, எனக்கு அந்த வாய் இல்லை. நேற்று மட்டும், "தாத்தா என்ன பை சொன்னாரு?" என்று கேட்டாள். சொன்னேன். அந்த ஏரோகிராமிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கோபுரப் படத்தை வாங்கிப் பார்த்து, அந்தத் தேதியின் மேல் கட்டைவிரலை வைத்து மூடிப் பார்த்தாள், எடுத்துப் பார்த்தாள், திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதை ஊர்ப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். சலீம், உன் கடையில் யாராவது இதைக் கொண்டுவந்து கொடுத்தால் நெமிலிச்சேரிக்கு எடுத்துப் போய் அம்மாவுக்கு வாசித்துக் காட்டாதே. கம்பெனிக்காரன் கல்நெஞ்சுக்காரன் இல்லை என்று நீ மட்டும் தெரிந்துகொள். டிசம்பரில் வந்து, அப்பா கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டு, அவர் பக்கத்தில் இருக்கும்போதே அம்மாவிடம் நானே சொல்கிறேன். அதுவரைக்கும் அவர் வெட்டிய மூலைகள் அப்படியே இருக்கட்டும்.